பேச்சிமுத்துவுக்கு வராத வாசம்

பேச்சிமுத்து மஸ்கட்டில் ஒரு கட்டிடக் கம்பெனியின் தொழிலாளர் முகாமில் சமையல்காரர். சொந்த ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே, பெரியாறு கால்வாய் ஓரம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து வளர்த்த பிள்ளை. கல்யாண வீடுகளில் பெரிய சமையல்காரர்களுக்குக் கையாளாகப் போனார். அண்டா கழுவினார், காய் நறுக்கினார், பிறகு கரண்டி பிடித்தார். கடைசியில் கடல் தாண்டியும் போய்விட்டார். முகாமில் அவர் வைக்கும் கறிக்குழம்புக்குப் பெயர் உண்டு. பாகிஸ்தான்காரர்கள்கூட தட்டோடு வந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வாசனையே தெரியாது.

முதலில் ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளாத ஜலதோஷம் என்றுதான் நினைத்தார். தும்மல், மூக்கடைப்பு, நெற்றியில் ஒரு கனம். ஜலதோஷம் போனது, அடைப்பு போகவில்லை. வாயால் மூச்சுவிடப் பழகிக்கொண்டார். ஒருநாள் வெங்காயம் வதக்கும்போது, கண்ணைக் கரிக்கிறதே ஒழிய வாசமாக எதுவும் வரவில்லை என்று தோன்றியது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்துப் பார்த்தார். தூள் ஏறித் தும்மினார், அவ்வளவுதான். மூக்கு செத்த சமையல்காரனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? யாரிடமும் சொல்லவில்லை. கடுகு வெடிக்கும் சத்தத்தையும் வெங்காயத்தின் நிறத்தையும் நம்பிச் சமைத்தார். கை பழகியிருந்ததால் உப்பும் காரமும் தப்பவில்லை.

அதைக் கண்டுபிடித்தது மகள் தமிழ்வாணி. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் அவளுக்குப் பயிற்சி போட்டிருந்த மாதம் அது. போனில் அப்பாவின் குரலைக் கேட்டதும் சிரித்தாள்.

"என்னப்பா, கெணத்துக்குள்ள இருந்து பேசுறியா? ஒனக்கு மூக்குக்குள்ள சதை வளந்திருக்கு. வாசம் தெரியுதா?"

"தெரியாம என்ன."

"பொய் சொல்லாத. இன்னைக்கு என்ன கொழம்பு வச்ச, வாசம் எப்பிடி இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

"அம்மாகிட்ட சொல்லிராத தாயி. சிரிப்பாச் சிரிப்பாக" என்றார்.

"சொல்லல. லீவுக்கு வா. எங்க மேடம்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வெளிய எங்கயும் கீற மாட்டாக. மூக்கு ஓட்ட வழியாவே கேமராவ விட்டு, அம்புட்டையும் எடுத்துருவாக. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்ப்பா."

அந்த லீவு வருவதற்குள் தமிழ்வாணி இறந்துபோனாள். டெங்கு. ஹாஸ்டலில் காய்ச்சல் என்று படுத்தவள் பெரியாஸ்பத்திரியில் கண் மூடினாள். பேச்சிமுத்துவின் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. ஊரில் அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மகன் சூர்யபிரகாஷ் போனை உயர்த்திப் பிடித்துக் காட்ட, முகாம் சமையற்கட்டின் பின்புறம் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து பேச்சிமுத்து பார்த்தார். படம் அடிக்கடி உறைந்தது. மகளின் நெற்றியில் ஒட்டிய காசோடு ஒருமுறை அப்படியே நின்றுவிட்டது. போனை ஆட்டினார், தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். படம் மறுபடி அசைந்தபோது தெருவில் பூ மட்டும் கிடந்தது.

அவர் ஊர் வந்து சேர்ந்தபோது பந்தலையும் பிரித்திருந்தார்கள்.

வீட்டில் மனைவி ராமக்காள் அழவில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தகரப் பெட்டியைத் திறந்து ஒரு ஊதாத் துப்பட்டாவை எடுத்தாள். கடைசியாக ஹாஸ்டலில் இருந்து வந்தபோது தமிழ்வாணி போட்டிருந்தது. துவைக்காமல் வைத்திருந்தாள்.

"புள்ள வாசம் அப்பிடியே இருக்குங்க. மோந்து பாருங்க."

பேச்சிமுத்து வாங்கி முகத்தில் வைத்தார். துணி மெத்தென்று இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தார். அடைத்த மூக்குக்குள் காற்றே போகவில்லை.

"இருக்குல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ராமக்காளுக்கு அது பழக்கமாகிவிட்டது. தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறப்பாள். தான் மோந்து பார்த்துவிட்டு அவரிடம் நீட்டுவாள். "இருக்குல்ல?" அவரும் மோந்து பார்ப்பார். "இருக்கு." மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனபிறகு போனில் சொல்லுவாள்: "இன்னைக்கு மத்தியானம் வந்துட்டுப் போச்சு. நான் அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்ன மாதிரி வாசம் அடிச்சுச்சு. திரும்புனா இல்ல."

கேட்டுக்கொண்டே இருப்பார் பேச்சிமுத்து. பயம் ஒன்று மெல்ல உள்ளே இறங்கியது. பிள்ளை உருவமாக இல்லை, குரலாக இல்லை, வாசமாகத்தான் வருகிறாள் என்றால்? அவளைத் தெரிந்துகொள்ள முடியாத ஒரே ஆள் நான்தானா? வீட்டுக்குள் அவள் நின்றிருக்க, அவளை இடித்துக்கொண்டும் கடந்துகொண்டும் நடந்தேனா? முகாமில் அரிசி களையும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். நீராவியும் கரி பிடித்த சுவரும்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் மலையாளிப் பையன் "என்ன சேட்டா?" என்பான். ஒன்றும் இல்லை என்பார். மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். அது கல் வைத்து அடைத்ததுபோல் இருக்கும்.

அடுத்த லீவிலும் பெட்டி திறந்தது. அவர் "இருக்கு" என்றார். முன்பைவிட வேகமாகச் சொன்னார்.

இதற்கிடையில் முகாமில் ஒருநாள் பருப்பு ஊசிப்போயிருந்தது. பேச்சிமுத்து அதைத் தாளித்து இறக்கிவிட்டார். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். மேற்பார்வையாளர் காலித் என்ற ஓமான்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு சோப்பைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பேச்சிமுத்து தலை குனிந்தார். காலித் திட்டவில்லை. தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. அரைகுறை இந்தியில் சொன்னார்: "நான் உன் நாட்டுக்குத்தான் போய் ஆபரேஷன் பண்ணினேன். டாக்டர் இருக்கச் சொன்னார். நான் அவசரப்பட்டு விமானம் ஏறிவிட்டேன். இங்கே வந்து ரத்தம், சீழ், பெரிய தொல்லை. நீ போனால் முழுசாக இருந்து முடித்துக்கொண்டு வா. வேலை உனக்கு இருக்கும்."

மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு அலுவலகம், வெளிநாட்டு நோயாளிகளை இந்திய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வைக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய்ப் பார்த்தார். டை கட்டிய பையன் வழவழப்பான தாளை விரித்தான். மூன்று ஊர்களின் படம் இருந்தது. ஸ்கேன், ஆபரேஷன், ஹோட்டல் அறை எல்லாம் சேர்த்து. மதுரைப் படத்துக்குக் கீழே, ஓய்வு நாளில் கோயில் சுற்றிக் காட்டுவதும் சேர்த்தி என்று போட்டிருந்தது. பேச்சிமுத்து அந்தக் கோபுரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருக்குப் போக விருப்பம்?" என்றான் பையன்.

"ஆபரேசன் முடிஞ்சு எத்தன நாள்ல திரும்பலாம்?"

"ஒரு வாரத்துல வந்துரலாம், சார்."

காலித் சொன்னது ஞாபகம் வந்தது. "பெறகு மூக்க யாரு பாப்பா?" என்று கேட்டார். பையன் தாளைத் திருப்பிப் பார்த்தான். அதில் அதற்குப் பதில் இல்லை. பேச்சிமுத்து எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கே நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஊர் வந்தவரைச் சூர்யபிரகாஷ் பைக்கில் உட்கார வைத்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் சத்யப்ரியா மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டு, எதிரே இருந்த திரையைக் காட்டினார். தோல் உரித்த திராட்சைக் குலைபோல் பளபளவென்று வெளுத்த சதை வழியை மறித்துத் தொங்கியது. ஸ்கேன் படத்தில் கன்னத்துக்குள்ளும் நெற்றிக்குள்ளும் இருக்கவேண்டிய காற்றறைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் அடைந்து கிடந்தன.

"இது ரொம்ப வருஷமா இருக்கே. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"எம்மக கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருந்துச்சு."

டாக்டர் சூர்யபிரகாஷைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"மயக்கம் கொடுத்துத்தான் பண்ணுவோம். சதையை எடுத்துட்டு, அறைகளோட வாசலைப் பெரிசு பண்ணி விடுவோம். பக்கத்துலயே கண்ணு, மேல மூளை. அதனால கவனமாத்தான் பண்ணணும், ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பாதி வேலைதான். அப்புறம் தினம் உப்புத் தண்ணி விட்டுக் கழுவணும், மருந்து அடிக்கணும், நான் கூப்பிடும்போதெல்லாம் வந்து உள்ள சுத்தம் பண்ணிக்கணும். நான் சரின்னு சொல்றவரைக்கும் விமானம் ஏறக் கூடாது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க இதுலதான் கோட்டை விடுறாங்க. சதை திரும்ப வளரவும் செய்யலாம்."

"வாசம் வருமா டாக்டரம்மா?"

"மூச்சுக்கு நான் பொறுப்பு. வாசனைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வரலாம். பாதி வரலாம். தப்பாவும் வரலாம்."

ராமக்காளிடம் மூக்கடைப்புக்கு ஆபரேஷன் என்று மட்டும் சொன்னார்கள்.

மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் ரத்தச் சுவை இருந்தது. மூக்குக்குள் பஞ்சு. மறுநாள் அதை உருவி எடுத்ததும் மூக்கு வழியாகக் காற்று உள்ளே போனது. எத்தனையோ வருஷம் மறந்திருந்த அந்தக் குளிர்ச்சி மண்டைவரை ஏறியது. பேச்சிமுத்து வாயை இறுக மூடிக்கொண்டு மூச்சு விட்டுவிட்டுப் பார்த்தார். காற்று வந்தது. வாசம் இல்லை.

வீட்டுக்கு வந்து குனிந்து நின்று உப்புத் தண்ணீரால் கழுவினார். ரத்தக் கட்டியும் சளியும் வந்து விழுந்தன. மூக்கைச் சிந்தக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று ராமக்காள் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டாள். ஆபரேஷன் புண் ஆறட்டும் என்று அவளாகவே துப்பட்டாவை அவர் மூக்கருகில் கொண்டுவரவில்லை. ஆனால் மத்தியானம் பெட்டி திறக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

பிறகு ஒருநாள் வாசம் வந்தது. தப்பாக வந்தது. தண்ணீர், தலையணை, இட்லி, பேத்தி வயதுப் பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஊருக்கு வெளியே சுடுகாட்டில் குப்பை எரிக்கிறார்களோ என்று வெளியே போய்ப் பார்த்தார். புகை இல்லை. அந்தப் பக்கம் நின்று பார்த்தவருக்கு, அன்று போனில் உறைந்துபோன படம் இப்போதுதான் அசைகிறதோ என்று தோன்றியது. அன்று தான் பார்க்காமல் விட்ட சிதையை இந்த மூக்கு இப்போது காட்டுகிறதோ? தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சத்யப்ரியா கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள நல்லா ஆறியிருக்கு" என்றார். "தூங்கிக் கிடந்த நரம்பு முழிக்கும்போது இப்படித் தப்புத் தப்பா சொல்லும். நிறையப் பேருக்குக் கருகின வாசம்தான் முதல்ல வரும். கழுவுங்க. பொறுங்க."

பொறுத்தார். ஒரு காலையில் ராமக்காள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சியின் வாசம், சரியான வாசம், அடுப்படியில் இருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்தது. பேச்சிமுத்து எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"என்ன, பசிக்குதா?" என்றாள்.

அவர் தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அன்று முழுவதும் அதன் பக்கம் போகவில்லை. இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தாரோ அதைக் கண்டு இப்போது பயந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ராமக்காள் பெட்டியைத் திறந்தாள். "புண்ணு ஆறிருச்சுல்ல? இந்தாங்க" என்று துப்பட்டாவை நீட்டினாள்.

முகத்தில் வைத்து மெதுவாக மூச்சை இழுத்தார். தகரம். பாச்சை உருண்டை. அதற்கு அடியில் தேங்காய் எண்ணெய், அடுப்புப் புகை, நெற்றியில் தடவும் தைலம், கண்ணீர் காய்ந்த உப்பு. அந்த வாசம் அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளில் இருந்து தெரியும். இத்தனை காலம் ராமக்காள் முகத்தைப் புதைத்துப் புதைத்து, துணியில் அவள் வாசம்தான் ஏறிக் கிடந்தது. மறுபடி மறுபடி மோந்து பார்த்தார். மகள் அதில் எங்கும் இல்லை.

"இருக்குல்ல?"

"இல்ல ராமக்கா" என்றார். "இதுல உன் வாசந்தான் இருக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாசம் போய் எத்தனையோ வருஷம் ஆனதை, மகளுக்கு மட்டும் அது தெரிந்ததை, முதல் நாளில் இருந்து சொன்ன ஒவ்வொரு "இருக்கு"வும் பொய் என்பதை. ராமக்காள் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு அது எப்பவோ போயிருச்சு" என்றாள். "மொத வருசமே போயிருச்சு. எம் மூக்குதான் பழகிப்போச்சுன்னு நெனச்சேன். நீங்க இருக்குன்னு சொன்னீகள்ல. அதான், புள்ள இன்னும் இங்கனதான் இருக்குன்னு இருந்தேன்."

"பொடைக்கும்போது வந்துச்சுன்னு சொன்னியே?"

"நீங்க இருக்குன்னு சொன்ன பெறகுதான் வந்துச்சு."

அன்று சாயங்காலம் அவள் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு, அலசி, கொடியில் காயப்போட்டாள். பேச்சிமுத்து தடுக்க எழுந்தார், தடுக்கவில்லை. காய்ந்ததும் மடித்து அவளே உள்ளே வைத்தாள். மறுநாள் மத்தியானம் பெட்டி திறக்கும் சத்தம் கேட்கவில்லை. வீடு மிகவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மூக்கைச் சுத்தம் பண்ணிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வந்தார். சாயங்கால நேரம். டீசல் புகை, பழக்கடை, மூத்திர வாடை எல்லாம் ஒன்றாக மூக்கில் இடித்தன. அதன் நடுவே, கூட்டம் அவரைக் கடந்து போனபோது, அது வந்தது.

தமிழ்வாணி.

சந்தேகமே இல்லை. முன்பு லீவில் வந்திருந்தபோது, பயிற்சி முடிந்து ஓடிவந்து அவர் தோளில் சாய்ந்து நின்ற பிள்ளையின் வாசம். அந்த நாள்களில் மூக்கு நன்றாக இருந்தது. பேச்சிமுத்து திரும்பினார். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். கால்கள் தானாகப் பின்னால் நடந்தன. அவள் வேகமாக நடந்தாள். அவரும் வேகமாக நடந்தார். பழக்கடையைத் தாண்டினார்கள், டீக்கடையைத் தாண்டினார்கள். அவள் சட்டென்று நின்று திரும்பினாள்.

"எதுக்குங்க பின்னாடியே வாரீங்க?"

வேறு முகம். சின்ன மூக்குத்தி, கண்ணாடி. டீக்கடையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு, "என்னண்ணே, என்ன வேணும் ஒங்களுக்கு?" என்று கிட்டே வந்தார்.

"தெரிஞ்ச புள்ள மாதிரி..." என்று ஆரம்பித்தார். மூக்கில் இருந்து சூடாக ஏதோ வழிந்து சட்டையில் சொட்டியது. ரத்தம்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா? அண்ணே, அவர அந்த பெஞ்சுல உக்கார வைங்க. தலைய அண்ணாக்காதீங்க, முன்னாடி குனிங்க. மூக்க இப்பிடி இறுக்கிப் பிடிங்க. வாயால மூச்சு விடுங்க. விட்டுராதீங்க, நான் சொல்றவரைக்கும் பிடிங்க." அவர் கையைப் பிடித்து மூக்கின்மேல் வைத்தாள்.

பேச்சிமுத்து சொன்னபடி பிடித்துக்கொண்டார். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கோட்டின் ஓரம் அவர் முழங்கையில் உரசியது. மூக்கை இறுக்கிப் பிடித்திருந்ததால் ஒரு வாசமும் இல்லை. கையை எடுக்கலாமா என்று அவர் தலையைத் தூக்கினார். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. "எம் பஸ் வந்துருச்சு. ரத்தம் நிக்கலைன்னா டாக்டர்ட்டயே திரும்பப் போங்க" என்று டீக்கடைக்காரரிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினாள். அவர் கையை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. டீசல் புகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து ராமக்காளிடம் சொன்னார். இனி அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்திருந்தார். ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் ஹாஸ்டல் சோப்பும் நாள் பூரா அலைந்த வேர்வையும் சேர்ந்த வாசம்தான் அது, நர்சிங் படிக்கிற எந்தப் பிள்ளையிடமும் இருக்கும் என்றும் சொன்னார்.

ராமக்காள் அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "எந்தப் பக்கம் நின்னுச்சு அந்தப் பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் அனுமதி கொடுத்தபிறகு பேச்சிமுத்து மஸ்கட்டுக்குத் திரும்பினார். காலித் அவர் கையைக் குலுக்கி, சோப்பை மறுபடி நீட்டினார். "எலுமிச்சை" என்றார் பேச்சிமுத்து. முகாமில் எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறார், மருந்து அடிக்கிறார். குளிர்காலத்தில் சில நாள் வாசம் மங்குகிறது. மறுபடி வருகிறது. குழம்பு நன்றாக இருக்கிறது.

சில சாயங்காலங்களில் ராமக்காளே கூப்பிடுகிறாள். சாப்பிட்டீர்களா, மூக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாள். பின்னால் ஒரே இரைச்சலாக இருக்கிறது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "சும்மா, மதுர டவுனு வரைக்கும் வந்தேன்" என்கிறாள். டவுனில் அவளுக்கு வேலை எதுவும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை. பேச்சிமுத்து கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்கிறார். "வாடிப்பட்டி, வாடிப்பட்டி" என்று கண்டக்டர் கூவுவது போனில் கேட்கிறது. பஸ் கிளம்பிப் போகும் சத்தமும் கேட்கிறது. ராமக்காள் ஏறவில்லை.